ஒரு லேப் ‘குளோனல்’ என்கிறது, இன்னொன்று ‘இல்லை’ என்கிறது: தோல் லிம்ஃபோமாவில் எதை நம்புவது?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 51 வயது, ஆசிரியர். எட்டு வருடமாக இடுப்பைச் சுற்றியும் பிட்டத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் திட்டுகள். சில சிவந்து சொரசொரப்பாக, சில வெளிறித் தேமல் மாதிரி. முதலில் படை என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பு. பிறகு தொழுநோயாக இருக்குமோ என்று பார்த்து, இல்லை என்றார்கள். அப்புறம் எக்ஸிமா என்று பல வருடம் ஸ்டீராய்டு களிம்பு. சென்ற ஆண்டு முதுகிலிருந்து பயாப்ஸி எடுத்தபோது லிம்ஃபோமா சந்தேகம் வந்தது. ஆனால் டிசிஆர் என்ற சோதனையில் ‘பாலிகுளோனல்’ (பலவிதச் செல்களின் கலவை) என்று எழுதி வந்ததால் விட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் தொடையிலிருந்து எடுத்த பயாப்ஸியில் ‘மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்று, அதாவது டி செல் என்ற வெள்ளை அணுக்களில் தோன்றித் தோலில் வரும் லிம்ஃபோமா வகைப் புற்றுநோய் என்று உறுதியானது. இந்த முறை டிசிஆர் ‘குளோனல்’ (ஒரே செல்லின் வாரிசுகள்). ஸ்கேனிலும் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. நோயின் நிலை ஒன்று-பி. வாரம் மூன்று நாள் லைட் சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையே வெளிநாட்டு உறவினர் ஒருவர் வற்புறுத்தி, அதே தோல் துண்டில், பல ஜீன்களை ஒரே நேரத்தில் பார்க்கும் ஜீன் பேனல் சோதனை செய்திருக்கிறார்கள். அதில் பிஎல்சிஜி1 என்ற ஜீனில் நோய் சார்ந்த ஒரு மாற்றமும், ஏரிட்1ஏ என்ற ஜீனில் ‘முக்கியத்துவம் தெளிவில்லாத’ ஒரு மாற்றமும் இருப்பதாக அறிக்கை. வாசகியின் கேள்விகள்: “இரண்டு லேபில் எது பொய்? ஜீன் கோளாறு என்றால் என் பிள்ளைகளுக்கும் வருமா? மகளுக்கு நிச்சயம் செய்ய இருக்கிறோம், அவளுக்குச் சோதனை செய்ய வேண்டுமா? கேன்சருக்கு வெறும் லைட் வைத்தால் போதுமா, ஜீனுக்கு ஏற்ற மாத்திரை இல்லையா? வெயில்தான் இந்த ஜீன் மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்று மகன் படித்திருக்கிறான், அப்படியிருக்க லைட் ஏன்? அவரிடம் இன்னும் அலர்ஜி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் டிசிஆர், ஜீன் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ‘ஒன்று-பி’ மட்டும் ஒரே வரியில் வந்து போய்விட்டது. நான் அந்த வரியில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவரின் சிகிச்சையையும் எதிர்காலத்தையும் இன்றைக்குத் தீர்மானிப்பது அந்த வரிதான். உடல் பரப்பில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ திட்டுகள் இருக்கின்றன, ஆனால் கட்டி இல்லை, நெறிகட்டு இல்லை, ரத்தத்தில் பரவவில்லை என்பது அதன் பொருள். அவருடைய சொந்தக் கையை விரல்களோடு சேர்த்து விரித்து வைத்தால் அது ஏறத்தாழ ஒரு சதவீதம். மருத்துவர்களான நாங்கள் அப்படித்தான் அளக்கிறோம். லண்டனில் 1,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் பத்தில் ஒருவர். அந்த ஒருவரை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மற்ற ஒன்பது பேரையும் நீங்கள் பார்க்க வேண்டும். லிம்ஃபோமா என்றதும் மனதில் வரும் நோய்களைப் போல இது வேகமாக ஓடுவதில்லை. பெரும்பாலோருக்குப் பல வருடம் தோலோடு நின்று, கூடிக் குறைந்து வரும் நோய்.

எட்டு வருடம் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இந்த நோய் எக்ஸிமாவைப் போலவே இருக்கும், மைக்ராஸ்கோப்பிலும் அப்படியே தெரியும். பல நாட்டு நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திட்டு தோன்றியதிலிருந்து நோய் உறுதியாக, பாதிப் பேருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இது தேமல் மாதிரி வெளிறியும் வரும். அப்போது தொழுநோயா, வெண்படையா என்றுதான் முதலில் யோசிப்பார்கள். வெளிறிய திட்டுகளாக வரும் வகை பொதுவாக மெதுவாகப் போகும் என்பது இதில் ஓர் ஆறுதல். மருந்துக்கடைக் களிம்பைப் பற்றி மட்டும் எனக்கும் வருத்தம்தான். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்து விற்கும் அந்த டியூப்கள் திட்டை அரைகுறையாக மங்கவைத்து, மருத்துவரின் கண்ணையும் மறைத்துவிடுகின்றன.

இரண்டு லேபும் பொய் சொல்லவில்லை

டிசிஆர் என்றால் டி செல் ஏற்பி. நோய்க்கிருமிகளை அடையாளம் காணும் டி செல்கள் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியை வைத்திருக்கின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் டி செல் வளரும்போது, இந்த ஏற்பிக்கான ஜீனைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. வி, டி, ஜே என்று பெயரிட்ட துண்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றைத் தேர்ந்து இணைக்கும். இணைக்கும் இடத்தில் சில டிஎன்ஏ எழுத்துகளைக் கழிக்கும், சிலவற்றைப் புதிதாகச் செருகும். இதனால் நம் உடலில் கோடிக்கணக்கான விதங்களில் ஏற்பிகள் உருவாகின்றன. ஒரு செல் பெருகினால் மட்டும் அதன் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் அதே ஏற்பி இருக்கும்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பெண்கள் ஆயிரம் விதமான சேலையில் நிற்கிறார்கள். ஒரு மூலையில் மட்டும் நாற்பது பேர் ஒரே நிறம், ஒரே கரை. அவர்கள் ஒரே குழு என்று தெரிந்துவிடும். ஆனால் எதற்காக வந்தவர்கள், நல்லவர்களா கெட்டவர்களா என்பதைச் சேலை சொல்லாது. டிசிஆர் சோதனை சொல்வதும் அவ்வளவுதான்.

கையில் இருக்கும் இரண்டு அறிக்கைகளிலும் வரைபடம் இணைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான லேப்கள் ஏழாவது குரோமோசோமில் உள்ள காமா ஏற்பி ஜீனைத்தான் பிசிஆர் முறையில் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கின்றன. முதுகுத் தோலின் படத்தில் சிறு சிறு முகடுகள் நெருக்கமாக எழுந்து, நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். விதவிதமான டி செல்கள் கலந்திருக்கின்றன என்பதே அதற்குப் பொருள். தொடைத் தோலின் படத்தில் அந்தக் கூட்டத்தின் நடுவே ஒன்றோ இரண்டோ முகடுகள் மட்டும் குத்திட்டு நிற்கும். அதுதான் குளோனல்.

முதல் முறை ஏன் வரவில்லை? ஆரம்பத் திட்டில் நோய்ச் செல்கள் குறைவு. அவற்றை எதிர்க்க வந்த நல்ல டி செல்களே அதிகம். ஸ்டீராய்டு களிம்பு போட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த துண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். களிம்பு அந்தச் செல்களை இன்னும் குறைத்துவிடும். ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த துண்டில் டிஎன்ஏ சிதைவதும் உண்டு. இனி எப்போதாவது பயாப்ஸி எடுக்க நேர்ந்தால், மருத்துவர் சம்மதத்தோடு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்பே களிம்பை நிறுத்துங்கள். ஒரே இடத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று திட்டுகளில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெவ்வேறு இடங்களில் அதே குளோன் கிடைத்தால்தான் சோதனைக்கு உண்மையான பலம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘குளோனல்’ என்று வந்தாலே கேன்சர் என்றும் இல்லை. லைக்கன் பிளானஸ் போன்ற சாதாரணத் தோல் நோய்களிலும், சில மருந்து ஒவ்வாமைகளிலும், நோயே இல்லாத வயதானவர்களின் ரத்தத்திலும் குளோன் தென்படும். அதனால்தான் 2005-ல் சர்வதேச நிபுணர் குழு ஆரம்ப நோயைக் கண்டறிய ஆறு புள்ளி கொண்ட முறையை முன்வைத்தபோது, தோலின் தோற்றத்துக்கு அதிகபட்சம் இரண்டு, மைக்ராஸ்கோப்பில் தெரிவதற்கு இரண்டு, செல்களுக்குச் சாயமிட்டுப் பார்ப்பதற்கு ஒன்று, டிசிஆருக்கு ஒன்றே ஒன்று கொடுத்தது. நான்கு புள்ளி வந்தால் நோய் உறுதி. உங்கள் கணவருக்கு டிசிஆரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும், வெயில் படாத இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் திட்டு, மேல்தோலுக்குள் ஏறியிருக்கும் டி செல்கள், டி செல்லில் வழக்கமாக இருக்கும் சிடி7 புரதத்தின் இழப்பு எல்லாம் அறிக்கையில் இருக்கின்றன. மூன்றாவது லேபுக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம்.

இந்த நோயில் ஒரே ஒரு குளோன்தான் இருக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, ஒரே திட்டுக்குள்ளேயே பல ஏற்பி வகைகள் கொண்ட நோய்ச் செல்கள் இருப்பதாகக் காட்டியது. இன்னொரு பக்கம், பீட்டா ஏற்பி ஜீனை முழுக்க வரிசைப்படுத்திப் பார்த்து 2018-ல் வெளியான ஆய்வில், தோலில் உள்ள டி செல்களில் 25 சதவீதத்துக்கு மேல் ஒரே குளோனாக இருந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆக, குளோன் இருக்கிறதா இல்லையா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விதான் இனி முக்கியமாகும். அந்தச் சோதனை இங்கே வழக்கமான மருத்துவத்துக்குள் இன்னும் வரவில்லை. இல்லையே என்று வருந்த வேண்டியதும் இல்லை.

அந்த ஜீன் மாற்றம் உங்கள் பிள்ளைகளிடம் இல்லை

இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பேனலில் வந்த பிஎல்சிஜி1 மாற்றம் உங்கள் கணவர் பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல. தோலில் உள்ள ஒரு டி செல்லில், அவர் வளர்ந்த பிறகு ஏற்பட்டது. விந்தணுவில் இல்லாதது பிள்ளைக்குப் போகாது. ஒரே குடும்பத்தில் இருவருக்கு இந்த நோய் வந்த நிகழ்வுகள் உலக அளவில் பதிவாகியிருக்கின்றன, மிக அரிது. அதற்காகப் பிள்ளைகளைச் சோதிக்கும் வழக்கம் எங்குமே கிடையாது. மகளுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

அந்த மாற்றம் என்ன செய்கிறது? ஏற்பி ஒரு கிருமித் துணுக்கைப் பற்றியதும் ‘விழித்துக்கொள், பெருகு’ என்ற சமிக்ஞை செல்லுக்குள் போகிறது. அந்தப் பாதையில் ஏற்பிக்கு வெகு அருகில் நிற்கும் புரதம் பிஎல்சிஜி1. அதில் மாற்றம் வந்தால், வெளியே எதையும் பற்றாமலே சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். இந்த நோயில் அடிக்கடி அடிபடும் கார்ட்11, சிடி28 ஜீன்களும் இதே பாதையைச் சேர்ந்தவை. இவை தவிர டிபி53, சிடிகேஎன்2ஏ, ஜாக்-ஸ்டாட் பாதை ஜீன்கள் என்று பட்டியல் நீளம். 220 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து 2017-ல் வெளியான ஆய்வு, நோயைத் தூண்டக்கூடிய 55 ஜீன்களை அடையாளம் கண்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரே ஜீன் என்று எதுவும் இல்லை. எழுத்து மாறுவதைவிட, குரோமோசோமின் துண்டுகளே காணாமல் போவதும் கூடுதலாவதும்தான் இதில் அதிகம். சாதாரண பேனல் அவற்றைச் சரியாகப் பிடிக்காமலும் போகலாம்.

ஏரிட்1ஏ பற்றிய வரிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று புரிகிறது. ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’ என்றால் நல்லதா கெட்டதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று பொருள். அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்றக் கூடாது. தோல் துண்டை மட்டும் சோதித்திருப்பதால், இது அவரோடு பிறந்த சாதாரண வேறுபாடாகவும் இருக்கலாம். நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஏராளம் உண்டு. மருத்துவருக்குத் தேவை என்று தோன்றினால் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். நீங்களாக அலைய வேண்டாம்.

லைட் போதுமா?

இந்த நிலைக்கு அது சரியான முதல் சிகிச்சை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் 311 நானோமீட்டர் அளவிலான குறுகிய பட்டை யூவிபி என்ற புற ஊதா ஒளி. தோலுக்குள் இறங்கி நிற்கும் டி செல்களை அது சாகடிக்கிறது. கூடவே களிம்புகளும் தரலாம். கேன்சருக்குக் கீமோதானே பெரிய வைத்தியம் என்று உங்கள் மைத்துனர் சொல்வது இங்கே பொருந்தாது. அமெரிக்காவில் 103 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே உடல் முழுக்க எலக்ட்ரான் கதிர்வீச்சும் கீமோவும், மறு பிரிவுக்குத் தோல் சிகிச்சையில் தொடங்கிப் படிப்படியாகவும் கொடுத்தார்கள். 1989-ல் முடிவு வந்தது. கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. பக்கவிளைவுகளைத்தான் கூடுதலாக அனுபவித்தார்கள்.

ஜீனுக்கு ஏற்ற மாத்திரை பற்றி உங்கள் உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பிஎல்சிஜி1 மாற்றத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2017-ல் அனுமதி பெற்ற பிரென்டுக்சிமாப் வெடோடின், 2018-ல் அனுமதி பெற்ற மொகாமுலிசுமாப் இரண்டும் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி30, சிசிஆர்4 புரதங்களைக் குறிவைப்பவை. ஜீன் பேனலைப் பார்த்துத் தருபவை அல்ல. அவை முற்றிய அல்லது மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத நோய்க்கானவை. பேனலுக்குச் செலவான பணம் போனது போகட்டும். அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். பின்னால் நோய் போக்கு மாறினால் ஒப்பிட உதவும்.

மகனின் கேள்வி நல்ல கேள்வி. இந்த நோய்ச் செல்களின் ஜீன்களில் யூவி ஒளி விட்டுச்செல்லும் வகையான மாற்றங்கள் தென்பட்டிருப்பது உண்மை. அது நோய்க்குக் காரணமா, தோலிலேயே வாழும் செல்கள் வழியில் வாங்கிக்கொண்ட தழும்பா என்று ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் நடக்கிறது. ஆனால் திட்டுகள் முதலில் வருவது உடை மறைக்கும் இடங்களில். பல பத்தாண்டு அனுபவத்தில், ஒளி சிகிச்சையால் ஆரம்ப நிலை நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் திட்டுகள் மறைகின்றன அல்லது நன்றாகக் குறைகின்றன. சோராலன் மாத்திரையோடு தரும் பியூவா முறையை வருடக்கணக்கில் எடுத்த வெள்ளைத் தோல்காரர்களுக்கு வேறு தோல் புற்றுநோய்கள் கூடியது நிரூபணமான அபாயம். குறுகிய பட்டை யூவிபியில் அப்படித் தெளிவாகக் காணவில்லை. கண்ணாடி அணிவது, பிறப்புறுப்பை மூடிக்கொள்வது இரண்டையும் விடக் கூடாது. தடித்த திட்டுகள் இதற்கு மசியாவிட்டால் அப்போது பியூவாவைப் பற்றிப் பேசலாம்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். வாரம் மூன்று நாள் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டு போய்வருவது சுலபமில்லை. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இந்த இயந்திரம் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் எங்கே என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சிகிச்சையைத் தொடங்கும் முன் இன்னொரு கருத்து வேண்டுமென்றால் வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களுக்குப் போகலாம். போகும்போது அறிக்கை மட்டும் போதாது; பயாப்ஸி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் வாங்கிச் செல்லுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது.

அவரிடம் சொல்லுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது ஜீன் இல்லை, அந்த ‘அலர்ஜி’. அவர் படித்தவர். வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில், கேன்சர் பிரிவுக்கும் போய்வரும்போது அலர்ஜி என்பதை எத்தனை நாள் நம்புவார்? ஒருவேளை இப்போதே தெரிந்து, உங்களுக்காகத் தெரியாததுபோல இருக்கிறாரோ என்னவோ. உடம்பு அவருடையது, சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தெரியாமல் இருந்தால் திட்டு மங்கியதும் போவதை நிறுத்திவிடுவார். அல்லது வேறெங்கோ எக்ஸிமா என்று காட்டி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையோ டுபிலுமாப் ஊசியோ வாங்கிவிடுவார். எக்ஸிமா என்று நினைத்து டுபிலுமாப் போட்ட பிறகு இந்த நோய் வெளிப்பட்டதும் முற்றியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மருத்துவரின் அறையில் மூவருமாக உட்கார்ந்து, ‘இது தோலில் வரும் ஒரு லிம்ஃபோமா, ஆரம்ப நிலையில் இருக்கிறது, மருந்து இருக்கிறது’ என்ற அளவில் தொடங்கினால் போதும். மீதியை அவரே கேட்பார்.

மகளின் திருமணம் பற்றி: இது தொற்று நோய் இல்லை, பரம்பரை நோயும் இல்லை. கணவரின் நோயை மருத்துவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது தொழில் விதி. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் கணவரும் மகளும் தீர்மானிக்கட்டும். அதற்கும் முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சம்பந்தியாகப் போகிறவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடுவேன். பிற்பாடு வேறு யாரோ ‘ஜீன் கோளாறாம்’ என்று அரைகுறையாகச் சொல்லிக் கேட்பதைவிட அது மேல்.

அப்புறம், வீட்டில் கவனிக்க வேண்டியவை. மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில், அதே இடங்களை, அதே தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். தினமும் குளித்ததும் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவட்டும். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் உடனே காட்டுங்கள், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இந்த நோயைத் தூண்டிவிடுகிறது. திட்டின் மேல் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கட்டி எழும்பினாலோ, உடல் முழுக்கச் சிவந்து உரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் தடித்து வெடித்தாலோ, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலோ அடுத்த லைட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.